மூன்று அடுக்கு, ஓர் இடுக்கி

டியூட்டி அக்காவின் சமையலறையில் ஒருவர் நிற்கலாம். இருவர் நின்றால் ஊர் தப்பாகப் பேசும்.

முப்பத்தோரு வருடம் அடுத்தவர் வீடுகளில் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டவள் அவள். துடைத்தாள், திருப்பிப் படுக்க வைத்தாள், ஊட்டினாள். எல்லா வீட்டிலும் ‘டியூட்டி அக்கா’ என்றே கூப்பிட்டார்கள், அதுவே பெயராகிவிட்டது. ஐம்பத்தொன்பது வயதில் இடுப்பு ‘போதும்’ என்று சொல்ல, மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்தாள். அறையின் மூலையில் ஒட்டுப்போட்டதுபோல அந்தச் சமையலறை. ஒற்றை அடுப்பு, ஒன்றரை முழம் மேடை, தலைக்கு மேலே ஒரு தட்டு. அவளுக்குப் பிடித்திருந்தது. “உப்பை எங்கே வச்சே?” என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர, உறவினர் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வீட்டுக்காரரின் சட்டம். போட்டவன் தம்பி. இந்த மாதக் கடைசியில் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

தம்பியும் அவன் மனைவியும் வந்து பார்த்தார்கள்.

“இது சமையலறையா, அலமாரியா?” என்றாள் தம்பி மனைவி. “இங்க என்னத்த சமைப்பீங்க? எங்க வீட்டுக்கு வந்துடுங்க அக்கா. எங்க அம்மாவுக்கும் ஒரு துணையா இருக்கும்.”

அந்த அம்மாவுக்குக் கைகால் விழுந்து பத்து மாதம். துணை என்றால் என்னவென்று டியூட்டி அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“டியூட்டி முடிச்சவளுக்கு மறுபடியும் டியூட்டியா?”

“அதெல்லாம் இல்லக்கா,” தம்பி தரையைப் பார்த்தான். “உனக்கு வசதி வேணாமா? இந்தப் பொந்துல எங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போட முடியுமா உன்னால? போட்டுட்டா, மறுபேச்சு இல்லாம கையெழுத்துப் போடறேன்.”

“ஞாயித்துக்கிழமை மதியம் வாங்க. பசியோட வாங்க.”

மறுநாளே பாத்திரக் கடைக்குப் போனாள். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து பாத்திரம் அடங்கும் செட்டைக் கடைக்காரர் காட்டினார். மேல்தட்டைச் சாண் போட்டு அளந்து வந்திருந்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து சமைக்கத் தொடங்கியதும்தான் வம்பு. அடியில் இருக்கும் பெரியதை எடுக்க மற்ற நான்கையும் வெளியே எடுக்க வேண்டும். அந்த நான்கையும் எங்கே வைப்பது? கட்டிலில் வைத்தாள். நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடி இடித்து ஒன்று கீழே உருண்டது. கட்டில்மேல் சட்டிகள் படுத்திருக்க, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தன்மேலேயே கோபம் வந்தது. படுத்திருக்கும் நோயாளியை அளந்து கட்டிலைச் சுவரோரம் போட்டுவிட்டு, அவர் எழுந்தால் தலை அலமாரியில் இடிக்குமே என்று யோசிக்காமல், வேலைக்குப் புதிதாக வந்தவள் செய்கிற தப்பு இது. சும்மா இருக்கும் பாத்திரத்துக்கு இடம் அளந்தாள். வேலை செய்யும் பாத்திரத்துக்கு அளக்கவில்லை.

செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

“வித்ததை வாங்க மாட்டோம்மா.”

“வாங்க வேணாம். மாத்திக் குடுங்க. அடுப்பே ஏறல, பாருங்க. அதுவரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். ராத்திரி பகலா உக்காந்து பழகின உடம்பு இது.”

கடைக்காரர் அவளைப் பார்த்தார். உட்காரக்கூடியவள்தான் என்று தெரிந்தது. “என்னதான் வேணும் சொல்லுங்க.”

“அகலம் இல்லாத இடம். ஆனா உயரம் இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணா நிக்கணும். கைப்பிடியே வேணாம், அது பாதி இடத்தைத் தின்னுடும்.”

நேர் சுவராக, ஒரே வாயளவில் மூன்று பாத்திரம் கிடைத்தது. ஒன்று ஆழம், ஒன்று நடுத்தரம், ஒன்று தட்டை. ஒன்றின் அடி மற்றதற்கு மூடியாக உட்கார்ந்தது. மூன்றுக்கும் ஒரே மூடி, ஒரே இடுக்கி.

“கொஞ்சம் தண்ணி குடுங்க.”

“குடிக்கவா?”

“பாத்திரத்துல ஊத்த.”

“பாத்திரக் கடைம்மா இது, குளியலறை இல்ல!”

“வெறும் சட்டியை எவன் வேணா தூக்குவான்.” ஆழமானதில் தண்ணீரை நிரப்பி, இடுக்கியால் இடது கையில் தூக்கினாள். வலது கை நோயாளிக்கு, இடது கை மற்ற எல்லாவற்றுக்கும் என்பது அவள் தொழில் பழக்கம். ஒரு சொட்டும் சிந்தவில்லை. “இது போதும்.”

ஞாயிறு மதியம் வந்தார்கள். அம்மாவைத் தன் மகளிடம் விட்டுவிட்டு வந்த தம்பி மனைவி, பரிசு என்று இரண்டு கையாலும் ஒரு பெரிய அண்டாவைச் சுமந்து வந்தாள். அது சமையலறை வாசலில் முட்டி நின்றது.

“அடடா, உள்ளயே போகலையே!” என்றாள், வராத வருத்தத்தோடு.

“அது அங்கயே நிக்கட்டும். நீங்க கட்டில்ல உக்காருங்க.”

அடுப்பில் கோபுரம்போல மூன்றும் நின்றன. அடியில் பருப்பு கொதித்தது. அதன் சூட்டில் நடுவில் காய் வெந்தது. முதலிலேயே வடித்த சோறு உச்சியில் இருந்த தட்டைப் பாத்திரத்தில் ஆறாமல் இருந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக இறக்கிப் பரிமாறினாள். தம்பி ஒரு ஆளாக வந்து இரண்டு ஆளாகச் சாப்பிடுகிறவன். மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினான், அதற்கும் இருந்தது. தம்பி மனைவி சமையலறையை எட்டிப் பார்த்தாள், வேறெங்கோ ஓர் அடுப்பை ஒளித்து வைத்திருப்பாளோ என்று.

தட்டுகளையும் பாத்திரங்களையும் கழுவி, மூன்றையும் மேலே ஏற்றி, இடுக்கியை ஆணியில் மாட்டினாள். மேடை வெறுமையாக இருந்தது. அதன்மேல் ஒப்பந்தத்தை விரித்தாள்.

தம்பி பேனாவைத் திறந்தான். “அப்போ வரவே மாட்டியாக்கா?”

“வருவேன். பண்டிகைக்கு, பேச, சாப்பிட. வேலைக்கு வர மாட்டேன்.”

அவன் கையெழுத்துப் போட்டான். கிளம்பும்போது அண்டாவை வாசலோடு விட்டுப் போகப் பார்த்தாள் தம்பி மனைவி.

“அதை எடுத்துக்கிட்டுப் போங்க,” என்றாள் டியூட்டி அக்கா. “உங்க அம்மாவைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்க ஆகும். சூடு பார்க்க விரலை விடாதீங்க, முழங்கையை விட்டுப் பாருங்க. தம்பி ஒரு பக்கமா புரட்டிப் பிடிச்சுக்கட்டும், அவனுக்கு நல்ல பலம் இருக்கு. இப்பதான் சாப்பிட்டான்.”