ஒசரி உடுத்திய சாட்சி

யசோதினிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடித்து முடியும்வரை குறிப்புப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கமாட்டாள். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவள். கண்டியில் ஒரு சிறிய ஆய்வு நிலையத்துக்காகப் பதினொரு வருடமாக ஊர் ஊராக அலைந்து, கலவரங்களில் அடிபட்டவர்கள் சொல்வதை எழுதி வருகிறாள். எந்தக் கட்சிக்கும் கைகட்டாத அறிக்கைகள். அம்மா கமலம் கல்யாணப் பேச்சை எடுத்தால், "ஊரு சண்டையெல்லாம் தீரட்டும்மா" என்பாள். தீருமா என்ன?

அந்தப் புதன்கிழமை காலை, அவள் எழுதிய சாட்சியங்களின் தொகுப்பு, அச்சகத்திலிருந்து முந்நூறு புத்தகங்களாக வந்திறங்கியது. வெள்ளிக்கிழமை வெளியீடு. கணினி வேலை பார்க்கும் நிரோஷன் ஒன்றைப் பிரித்து, நின்றபடியே வாசித்தான். சிரித்தான்.

"யசோ அக்கா, இது நம்ம சோமா அக்காதானே? என் கூட்டாளி கல்யாணத்துல பொண்ண உடுத்தினது அவங்கதான்."

"பேரே போடலையே நான்."

"பேரு எதுக்கு? மணப்பொண்ணுக்கு ஒசரி கட்டுறவங்க, பக்கத்து வீடு முஸ்லிம் வீடு. கெலிஓயாவுல யாரக் கேட்டாலும் வீட்டு வாசல்லயே கொண்டுபோய் விட்டுருவாங்க."

யசோதினி அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கத்து வீட்டு பாயிஸா, சாட்சியம் சொன்ன அன்று கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "பேர் வராதுதானே, மிஸ்?" வராது என்று இவள் சத்தியம் செய்திருந்தாள். பேர் வரவில்லை. மற்ற எல்லாமே வந்துவிட்டது.

ஏழு வருடங்களுக்கு முன், முஸ்லிம் வீடுகளைத் தாக்கிய கலவர நாளில் பாயிஸா சோமாவதியின் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தாள். சோமாவதி அவளுக்குக் கண்டிய மணப்பெண்ணின் வெள்ளை ஒசரிச் சேலையைச் சுற்றி, தலையில் பூ வைத்து, கண்ணாடி முன் உட்கார வைத்தாள். கதவை உதைத்துக்கொண்டு வந்த கும்பலில் சோமாவதியின் தங்கை மகனும் இருந்தான். சின்ன வயதில் பாயிஸா கையால் வட்டிலப்பம் வாங்கித் தின்றவன். அவளை அடையாளம் கண்டான். "கல்யாணப் பொண்ணுதான், வாங்கடா போவோம்" என்று மற்றவர்களை வெளியே தள்ளினான். அந்த ஒசரியை எழுதும்போது யசோதினி அழுதாள். அழகாக எழுதிவிட்டோம் என்று அவளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. இப்போது அதை நினைக்கக் கூசியது.

நிலையத்தின் தலைவி தர்ஷிகா யாழ்ப்பாணத்துக்காரி. நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நாலு வருச வேலை, யசோ. எரிச்சவையையும் எரிஞ்சவையையும் எல்லாரும் எழுதுவினம். நடுவில நிண்ட மனுசரைக் காட்டுறது இந்தச் சாட்சியம் ஒண்டுதான்."

"அவங்களத்தான் மேடம் காட்டிக் குடுத்துட்டேன்."

"போய்க் கேட்டுட்டு வா. புத்தகத்தில இருந்து எடுக்கிறதெண்டாலும் அவை சொல்லட்டும்."

கெலிஓயா பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை.

பாயிஸா வழக்கம்போல் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அன்று யசோதினி அதைத் தொடவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பக்கத்தை வாசித்தும் காட்டினாள். கேட்டு முடித்த பாயிஸா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் சொன்னத விட நல்லா எழுதீக்கிறீங்க. எல்லாருக்கும் ஆள வெளங்கிரும், அதுதான் கரச்சல்." எழுந்தாள். "என்னட்ட கேக்காதீங்க மிஸ். என் உசிரு தப்பிச்சு. போறது அவங்கட மானம். வாங்க."

சோமாவதி முற்றத்தில் ஒரு ஒசரியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். யசோதினி சிங்களத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த ஒசரியை மறுபடி எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அவன் அந்தக் கும்பலோடு வந்தது என் தங்கைக்குத் தெரியாது, மகள். ஏழு வருடமாக அவளோடு ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்கிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்லாமலே எழுந்து வருகிறேன். கூட வந்தவர்களுக்கும் அவன் பொய் சொன்னது தெரியாது." ஒசரியின் ஓரத்தை நீவினாள். "வேண்டாம் என்றால் உன் வேலைக்கு ஏதும் வருமா?"

"வராது."

அது அவளுக்கே நிச்சயமில்லை.

"அப்படியென்றால் வேண்டாம்."

பாயிஸா அந்த ஒசரியின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு அலுவலகத்தில் கோடு போடும் இரும்பு அடிமட்டமும் பிளேடும் மேசைக்கு வந்தன. யசோதினி முதல் புத்தகத்தில் பாயிஸாவின் சாட்சியம் இருந்த தாளை வெட்டி எடுத்தாள். அதைத் திருப்பிப் பார்த்தாள். அதே தாளின் மறுபக்கத்தில் கலகெதர முஹ்ஸினின் சாட்சியம் முடிந்திருந்தது. கடை எரிந்த மனிதர். புத்தகத்தைப் பார்க்க வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்.

தர்ஷிகா எட்டிப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு பிளேடை உரித்தாள்.

"முஹ்ஸின் நானாவுக்கு ஆர் சொல்லுறது?"

"நாளைக்கு மொத பஸ்ல நானே போறேன்," என்று யசோதினி இரண்டாவது புத்தகத்தைத் திறந்தாள்.