ஆற்று முகத்தில் நான் கண்ட குருவி

1. சிவப்புக் கோடு

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனேன். கொப்பியில் நான் எழுதியிருந்த வரியின் மேல் சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல். பிழை என்று அர்த்தம்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் கிழக்கே, ஆறு ஏரியில் விழும் இடத்தில் ஒரு பறவைக் காப்பிடம். எனக்கு அங்கே சீசன் வேலை. பனி உருகியதிலிருந்து பனி விழும்வரை கார்பேஜ் எடுப்பது, வாஷ்ரூம் கழுவுவது, நடைபாதைக்குக் கல் போடுவது. வாசலில் ஒரு மரக் கொட்டில். அதற்குள் பறவைப் படப் புத்தகம் ஒன்றும் ஒரு கொப்பியும் இருக்கும். கண்ட குருவியின் பெயரை யாரும் கொப்பியில் எழுதலாம்.

யாரும் என்றால் நானும் என்று நினைத்தேன்.

2. சவூதியில் பார்த்தது

கனடாவுக்கு வருமுன் ஆறு வருடம் சவூதியில் வேலை. நகரத்துக் கழிவுநீரைச் சுத்தமாக்கிப் பாலைவனத்தில் விடுவார்கள். அது ஆறாக ஓடியது. கரையில் நாணல், நாணலுக்குள் பறவை. அந்த இடத்தைக் காப்பிடமாக்கி வேலி போட்டார்கள். வேலிக்குத் தூண் நட்டவன் நான்.

புரட்டாதி பிறந்தால் ஒரு சின்னக் குருவி வந்து, தூணுக்கு ஒன்றாக நிற்கும். மணல் நிறம். பறந்தால் முதுகின் அடி வெள்ளை, வால் நுனி கறுப்பு. நின்ற இடத்தில் குந்திக் குந்தி எழும்பும். ஆறு வருடம் பார்த்த முகம் மறக்காது.

அதே குருவியை ஒரு புரட்டாதிச் சனி காலை இங்கே, ஆற்று முகத்துக் கல்லில் கண்டேன். பத்தடி தூரம். கொட்டிலுக்குப் போய்ப் படப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தட்டினேன். கடைசிப் பக்கங்களில் இருந்தது. ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். வீட்டியர்.

பிறகு செய்ததுதான் பிழை. புரட்டாதிச் சனிக்கு நான் விரதம். காகத்துக்கு வைக்காமல் சாப்பிடமாட்டேன். வழக்கம்போல எள்ளுச் சோற்றைக் கொண்டுபோய்க் கல்லில் வைத்தேன். குருவி நின்ற அதே கல் வரிசை. யோசிக்கவில்லை.

குருவி பார்க்கிற சங்கத்தின் தலைவி ஹெலன் கொப்பியைப் பார்த்துவிட்டு ஆட்களுக்குப் போன் அடித்திருக்கிறார். மத்தியானத்துக்குப் பிறகு ஒஷாவா நகரத்தில் இருந்தும் கார்கள் வந்தன. எல்லோரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். கல்லெல்லாம் காகம். காகத்தின் வாயில் சோறு.

3. இரண்டு கடுதாசி

கோடு கிடந்த திங்கட்கிழமையே ஆபீசில் கூப்பிட்டார்கள். கூட வேலை செய்த மகேந்திரன்தான் வந்து சொன்னான். ஆங்கிலம் தெரிந்தவன்.

"அண்ணை, சனி விலகச் சோறு வைச்சனீங்களெல்லே. சனி ஆபீசிலை கதிரை போட்டு இருக்குது. வாங்கோ."

சுப்பர்வைசர் பேசினார். மகேந்திரன் தமிழில் சொன்னான்.

"பறவைக்குச் சாப்பாடு வைக்கக் கூடாதெண்டு போர்ட் கிடக்காம். அதை இந்தமுறை விடுறாராம். ஆனா அந்தக் குருவியைக் காணேல்லை, பிழையா எழுதிப்போட்டன் எண்டு இந்தக் கடுதாசியிலை சைன் வைக்கட்டாம். சங்கத்துக்குக் காட்டவேணுமாம்."

"நான் கண்டனான்."

"அந்தச் சங்கத்து மனிசி முப்பது வருசமாக் குருவி பாக்குதாம். இங்கை ஒருநாளும் காணேல்லையாம்."

"நான் ஆறு வருசம் அதோடை இருந்தனான்."

சுப்பர்வைசர் பேனையை என் பக்கம் தள்ளினார். மகேந்திரன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, வாற வருசம் கூப்பிடாமல் விட்டிடுவாங்கள். வைச்சிட்டு வாங்கோ. குருவி என்ன வழக்கே போடப்போகுது?"

"சோறு வைச்சது என்ரை பிழை. என்ரை சோத்துக்கு வந்த காகம்தான் அதைக் கலைச்சது. அதை எழுதித் தரச் சொல்லு, சைன் வைக்கிறன். கண்டதைக் காணேல்லை எண்டு வைக்கமாட்டன்."

"கடைசித் தரம் கேக்கிறாராம்."

"எத்தினை தரம் கேட்டாலும் இதுதான்."

சோற்றுக்கு வேறு கடுதாசி அடித்தார்கள். அதில் கையெழுத்து வைத்தேன். மற்றதை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வசந்தம் மகேந்திரனைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. பிக்கரிங்கில் ஒரு பக்டரியில் பெட்டி அடுக்கப் போனேன்.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. செய்த பிழைக்கு உடனே கையெழுத்து வையுங்கள். செய்யாத பிழைக்கு வைக்காதீர்கள். வேலை போகும். போகட்டும். அந்தக் குருவியை நான் கண்டேன்.