ஒப்புக்குக் கூப்பிட்ட ஷஹீரா

எகிப்தின் டமியெட்டாவில் ஷஹீராவின் வாசலைத் தாண்டுகிற யாரும் சாப்பாட்டுக்கு அழைக்கப்படாமல் போனதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனதும் இல்லை. அவள் கூப்பிட வேண்டும், அவர்கள் நெஞ்சில் கைவைத்து மறுக்க வேண்டும். ஊர் மரியாதை அது. படகில் போகிறவன் கரையில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடுவானே, அந்த வகை.

அண்ணன் ரிஃபாத்தோடு சேர்ந்து சோஃபா, நாற்காலிப் பட்டறை நடத்துகிறாள். இந்த வருடம் கெய்ரோ பொருட்காட்சிக்கு வந்தது அவள் பிடிவாதத்தால்தான். கிடைத்த இடமோ கழிப்பறைக்கு அடுத்தது. முதல் நாள் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். அது நாற்காலியைப் பற்றியது அல்ல.

"நாளைக்கும் ஆர்டர் வரலன்னா சரக்கு மொத்தமும் பழையபடி தரகருக்குத்தான். அப்புறம் நீ பொருட்காட்சின்னு வாயைத் திறக்கக் கூடாது" என்றான் ரிஃபாத்.

ஷஹீரா ஃபோனை எடுத்து ஃபேஸ்புக் நேரலையில் வாயாரச் சிரித்தாள். "எங்க கடை உங்க வீடு மாதிரி. வாங்க, உட்காருங்க, எங்க ஊரு முஷப்பக் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்." முஷப்பக் என்பது ஜிலேபிக்கு அக்கா முறை.

நெஞ்சில் கைவைத்து மறுக்க ஃபோனில் வசதி இல்லை. மறுநாள் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். கடையில் இருந்தது ஒரே ஒரு பெட்டி முஷப்பக்.

"ஒப்புக்குக் கூப்பிட்டா வந்தே நிக்கிறாங்களேடி."

"அண்ணே, நீங்க போய் இனிப்பு வாங்கிட்டு வாங்க. நான் இவங்களைப் பிடிச்சு வைக்கிறேன்."

"பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிச்சுடாதே. யாரும் உட்காரக் கூடாது."

அவன் தலை மறைந்ததும் உறைகள் பறந்தன. இரண்டு பேர் சோஃபாவில் நான்கு பேர், கைப்பிடியில் ஒரு பாட்டனார். உட்கார்ந்தவர்கள் படமெடுத்துப் போட, அதைப் பார்த்து இன்னும் கால் வலித்தவர்கள் வந்தார்கள். இனிப்புப் பெட்டிகளோடு திரும்பிய முதலாளி ரிஃபாத்துக்கு நிற்கவும் இடமில்லை.

நடுவில் அலெக்சாந்திரியாவின் ஓட்டல்கார அம்மாள் இன்ஷிராஹ், பக்கத்துக்கு ஒருவர் நெருக்க, அசையாமல் அமர்ந்திருந்தாள்.

"இத்தனை பேர் ஏறி உட்கார்ந்தும் ஒரு முனகல் இல்லையே. என் ஓட்டல் சோஃபா நான் பெருமூச்சு விட்டாலே கத்தும். வரவேற்பறை முழுக்க இதையே போட்டுடறேன். என்ன விலை?"

விலை கேட்டவரிடம் முதலில் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்வதும் அதே ஊர் மரியாதைதான். ஷஹீராவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"நமக்குள்ள என்னம்மா பண..."

ரிஃபாத் அவள் வாயில் ஒரு முழு முஷப்பக்கைத் திணித்தான்.

"விலை நான் சொல்றேன், மேடம். அடுத்த வருஷமும் இதே இடந்தான், கழிப்பறைக்குப் பக்கத்துல. வந்துடுங்க. இது நெஜமாவே கூப்பிடுறேன்."