இடது கட்டைவிரல்

நான் பதினான்கு வருடமாகக் கணக்கு டீச்சர். கடவுளைக் கும்பிடாமல் ஒரு நாளும் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. பொய் சொன்ன பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். நானே பொய் எழுத மாட்டேன். அந்த நாலு படங்களும் என் போனில் இருக்கின்றன. அழிக்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கு ஒரு செயலி உண்டு. பிள்ளைகள் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். செயலி கோணலை நேராக்கும், நிழலை நீக்கும், தப்பைச் சுழித்துக் காட்டும். நல்ல வசதிதான். பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கும் இடது கட்டைவிரலை மட்டும் அதனால் நீக்க முடியாது. வலது கையில் போன் இருக்குமே! பெயரைப் பார்க்காமல், விரலை வைத்தே யாருடைய நோட்டு என்று சொல்லிவிடுவேன்.

அணிலின் விரலில் பாதி நகம்தான் இருக்கும். எந்நேரமும் கொறித்துக்கொண்டே இருப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். ஆறாம் வகுப்பு. சனி, ஞாயிறு தவிர முப்பது நாள் விடாமல் அனுப்பினால் செயலியில் தங்க நட்சத்திரம் வரும். அவள் இருபத்தாறு முடித்திருந்தாள். தேர்வு விடுமுறைக்கு முன் என் மேஜை ஓரம் வந்து நின்றாள்.

“டீச்சர், ஒரு நாள் விட்டுட்டா மறுபடி ஒண்ணுல இருந்தா?”

“ஆமா. சட்டம்னா சட்டம்தான்.”

“என்ன ஆனாலும் அனுப்பிடுவேன் டீச்சர்.”

விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

திங்கள். மாலை 4.42. அணிலின் படம் வந்தது. விடைகள் சரி. விரல் மட்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ரொம்ப நேரம் துணி துவைத்தாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

6.20. ‘பெற்றோர் அழைப்புகள் மூன்று தடுக்கப்பட்டன’ என்றது செயலி. விடுமுறையில் யாரும் தொந்தரவு செய்யாமலிருக்க அந்த வசதியை நான்தான் போட்டு வைத்திருந்தேன். ‘ஆசிரியர் ஓய்வில் இருக்கிறார்’ என்று அதுவே பதில் சொல்லிவிடும். யார் கூப்பிட்டது என்றுகூட நான் பார்க்கவில்லை.

செவ்வாய். அதே 4.42. டீ குடித்துக்கொண்டிருந்தேன். விரல் உப்பியிருந்தது. நகத்தைச் சுற்றிப் பச்சையாக ஏதோ வழவழப்பு. அது பட்ட இடத்தில் தாள் ஊறிப்போயிருந்தது. என் டீயின் மேல் ஆடை படர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் குமட்டியது. தம்ளரைத் தள்ளி வைத்தேன்.

புதன். 4.42.

விரல் தோல் உறை மாதிரிக் கழன்று தொங்கியது. நகம் கோணிக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம்தான் வந்தது. படத்தின் கீழே எழுதினேன்: ‘சீ! அருவருப்பாக இருக்கிறது. முதலில் கையைக் கழுவு.’

“என்னடி முகத்தைச் சுளிக்கிறே?” அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு கையைப் பாரேன். ஒரே அழுக்கு.”

அக்கா போனை வாங்கினாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அழுக்கில்லடி... பிணவறையில பார்த்திருக்கேன். தண்ணியில கிடந்த கை இப்படித்தான் இருக்கும்.”

“வாயைக் கழுவு அக்கா. இப்பதான் அனுப்பியிருக்கா!”

போனைப் பிடுங்கிக்கொண்டேன். தடுக்கப்பட்ட அழைப்புகளைத் திறந்தேன். மூன்றும் ஒரே எண். கூப்பிட்டேன். அணிலின் அம்மா.

“டீச்சர்... திங்கக்கிழமை மத்தியானத்துல இருந்து புள்ளையைக் காணோம். உங்ககிட்ட ஏதாவது சொன்னாளான்னு கேக்கத்தான்...”

“காணோமா? இல்லைங்க, நல்லா இருக்கா! தினமும் பாடம் அனுப்புறாளே, போன்ல!”

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

“எந்தப் போன்ல டீச்சர்?”

“உங்க போன்லதான்.”

“அது மூணு நாளா என் கையை விட்டு இறங்கலையே...”

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழன். காலையிலிருந்து பிரார்த்தனை செய்தேன். படம் வரக் கூடாது. இல்லை, வர வேண்டும்... எதைக் கேட்பதென்றே தெரியவில்லை.

4.40.

4.41.

டிங்.

ஐந்து கணக்கு. ஐந்தும் சரி. ஓரத்தில் கட்டைவிரல். சிவந்த, சுத்தமான, பாதி நகம் கடித்த சின்ன விரல்.

பக்கத்தின் அடியில் ஒரு வரி.

‘கழுவிட்டேன் டீச்சர்.’

திரையில் தங்க நட்சத்திரம் சுழன்றது.

அன்று மாலை 5.30 மணிக்கு, பழைய கல் குவாரித் தண்ணீரில் அணிலை எடுத்தார்கள். திங்கள் மதியமே முடிந்துவிட்டதாம்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை ‘சீ’. அந்தக் குமட்டல் இப்போது என் மேலேயே இருக்கிறது. எந்தச் சாமியும் அதைக் கழுவித் தரவில்லை. இப்போதெல்லாம் எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எடுத்துவிடுகிறேன்.

‘கழுவிட்டேன்’ என்ற அந்த வரியை நான் அவள் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அவளாகத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“குளிப்பாட்டக்கூட விடலை டீச்சர். தொட்டா தோலு கையோட வருதுன்னாங்க. ஆனா இடது கட்டைவிரல் மட்டும்... அப்படியே இருந்துச்சு. மோந்து பார்த்தேன்.”

என் கையை இன்னும் இறுக்கினாள்.

“சோப்பு வாசனை அடிச்சுது டீச்சர்.”