ஏரியில் நீட்டிய பாவு

“இந்தப் பக்கத்துல இன்னா போட்டுக்கீதுன்னு படிச்சு சொல்லு, சுபா” என்றாள் தனகோடியக்கா. கேமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகம் அது. எதிர்வீட்டுப் பெண்ணான நான் ஒருத்திதான் தெருவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள்.

“ஒரு படத்து மேலயே இன்னொரு படம் எடுக்கலாமாம்” என்றேன்.

“அது எப்படி? ஒண்ணு எடுத்தா பிலிம் நகுந்துடுதே.”

“நகராம பண்ணணும்க்கா. அடியில ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திகினு, பிலிம் சுத்துற பிடியையும் விரலால பிடிச்சுகினு, லீவரை இழுத்தா பிலிம் அங்கேயே நிக்குமாம்.”

“மேல ஒண்ணு வந்தா அடியில கீறது அழிஞ்சிடாதா?”

“அழியாதாம். ரெண்டும் கலந்துடுமாம். ஒவ்வொண்ணுக்கும் வெளிச்சத்தைப் பாதியா குறைக்கணும்.”

அக்கா கேமராவைத் திருப்பி அடியிலிருந்த பொத்தானைத் தடவிப் பார்த்தாள். பிறகு, “கலந்தா நல்லாத்தான் இருக்கும்” என்றாள்.

வாசலில் அடுத்த வீட்டுக் கன்னியம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. “இன்னா, ரெண்டு பேரும் இங்கிலீசுல ரகசியம் பேசிகினுகீறீங்க?”

“உன் மூக்குத்தியை எப்படி எடுக்கலாம்னு பாத்துகினுகீறோம்” என்றாள் அக்கா.

“என் மூக்கு இங்கதானே கீது. அதுக்கா விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறிப் போற?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்த வாரத்திலேயே தெருவில் வேறு சிலரும் அதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மார்கழி. தனகோடியக்காவின் கணவர் மணவாளன் மாமா, கமலக்கண்ணன் என்ற முதலாளிக்குப் பட்டு நெய்து கொடுத்து வந்தார். நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் முதலாளி தருவார். புடவையாகத் திரும்பப் போகும். அக்கா ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவாள். அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்து, தனக்குச் சரிப்படவில்லை என்று விட்டுப்போன கேமரா அது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதைத் தொட்டுக் கெடுக்கவும் ஆளில்லை.

மார்கழி, தை மாதங்களில் மட்டும்தான் அது வெளியே வரும். வெயில் காலத்தில் எடுத்தால் எல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி விழுகிறது என்பாள் அக்கா. ஒயர் கூடையில் கேமராவை வைத்து, மேலே ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி, முதல் பஸ்ஸில் சந்தவாசல் பக்கம் மலையடிக்குப் போவாள். ஒரு நாள் கண்ணமங்கலம் சாலைப் புளியமரங்கள். பஸ் வராத நாளில் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரி. லென்ஸின் மேல் கழிவுப் பட்டு நூலை மெல்லிய வலை போலப் போர்த்தி எடுப்பாள். மிட்டாய் சுற்றிய சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிப் பார்த்தாள். ஊதி ஆவி படிய வைத்தும் எடுத்தாள். “அடுப்பு ஊதின வாயி, சும்மா இருக்குமா” என்று மாமா கேலி செய்வார்.

கூடையை மூடிக்கொண்டு போனதுதான் தெருவின் கண்ணில் உறுத்தியது. கேமரா பனியில் நனையக் கூடாது என்று மூடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டவர்களிடம் சொன்னேன். “நீ அவ ஆளு” என்றார்கள்.

எங்கள் தெருவில் பாவு நீட்டுவது விடியற்காலையில். தெருவின் நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். புது நிறப் பாவு நீட்டும் அன்று, அந்த நிறத்தைத் திருடியதாகப் பேர் வரக் கூடாது என்று, வேறு முதலாளிக்கு நெய்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோவார்கள். பார்த்தாலும் பேசுவதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. நின்று பார்ப்பதே தப்பாக இருந்த தெருவில், தன் வீட்டுக்காரர் நெய்யப்போகும் பாவுதானே என்று அக்கா கேமராவை வெளியே எடுத்துவிட்டாள். பனிக்குள் போய் மறையும் மயில்பச்சை இழைகளை அவள் எடுத்ததைத் தெருவே பார்த்தது.

தை பிறந்த கையோடு கமலக்கண்ணன் ஒரு புடவையைக் கொண்டுவந்து மாமாவின் தறிமேல் போட்டார். சத்தம் கேட்டு நானும் வாசலுக்குப் போனேன்.

“இது யாரு கரை, மணவாளா?”

மாமா விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். “நம்ம கோபுரக் கரைங்க.”

“நம்மளுது இல்லடா. பவர்லூம். வெளியூர் சந்தையில குவிச்சு வெச்சிகினு கூவி விக்கிறான்.” அக்காவின் பக்கம் திரும்பினார். “உங்க வூட்ல கேமரா கீதாமே.”

அக்கா ராட்டையை நிறுத்தினாள். “கீதுங்க. நான் எடுக்கிறது பனியும் ஏரியும்தாங்க.”

“பனியைப் படம் புடிக்க யாராவது பஸ் ஏறிப் போவாங்களாம்மா? இங்கயும் பனிதானே பெய்து?”

“மலையில வேற மாதிரி பெய்துங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கமலக்கண்ணன் சிரிக்கவில்லை. “பிலிம்ல இன்னா கீதுன்னு தெரியிற வரைக்கும் உனக்கு அடுத்த பாவு இல்ல மணவாளா” என்றார்.

மாமாவின் முகம் செத்துப்போனது. டிசைன் திருடியவன் என்று ஒரு முதலாளி நிறுத்தினால், அடுத்த முதலாளியும் பாவு கொடுக்கமாட்டார். அக்கா அங்கேயே ரோலைச் சுற்றி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “நீங்களே கழுவிப் பாருங்க.”

வேலூரில் கழுவி வந்த படங்களைக் கமலக்கண்ணன் தம் கடைக் கூடத்தில் பாயில் பரப்பினார். தெருவில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். மலை, மரம், பனி. அதற்குப் பிறகு வந்தவை யாருக்கும் பிடிபடவில்லை. புளியமரத்துக்குள் மாமாவின் முகம். பஸ்ஸின் மேல் தறி.

“இது இன்னா கூத்து, ஏரிக்குள்ள பாவு நீட்டிக்கீறாங்க?” என்று கன்னியம்மா ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

தெருவில் எடுத்த பாவின் மேலேயே அக்கா ஏரியில் சூரியன் எழுவதையும் எடுத்திருந்தாள். மயில்பச்சையைக் காணோம். இழைகள் இந்தக் கரையில் சாம்பல் நிறமாகப் புறப்பட்டு, போகப்போக வெளுத்து, அந்தக் கரையில் ரோஜா நிறமாகி முடிந்தன. கடைசியில் பனைமரங்களின் நிழல் கறுப்பாக ஒரு கோடு.

“கரை இன்னான்னு தெரியக் கூடாதுன்னே குழப்பி எடுத்துக்கீறா” என்றார் ஒருவர். சிலர் தலையாட்டினார்கள். கோபுரக் கரை எங்குமே இல்லாததுகூட அவள்மேல் குற்றமாயிற்று.

கமலக்கண்ணன் மட்டும் அந்த ஏரிப் படத்தைக் கீழே வைக்கவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து, “போவுது, விடுங்க. படமும் பிலிமும் என்கிட்டயே இருக்கட்டும். இனிமே அந்தக் கேமரா தெருவுல வரக் கூடாது. பாவு அனுப்பறேன்” என்றார். அவ்வளவு சீக்கிரம் மனம் இறங்கியது எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

பாவு வந்தது. கேமரா பெட்டிக்குள் போனது. கோபுரக் கரை யார் வழியாக வெளியே போனது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த மார்கழியில் அக்கா எங்கும் போகவில்லை. முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் மட்டும் வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போவாள்.

அதையடுத்து வந்த தை மாதத்தில் ஒரு விடியற்காலை, கமலக்கண்ணனுக்கே நெய்துவந்த கன்னியம்மா வீட்டார் பாவு நீட்டினார்கள். நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சாணித் தண்ணீர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். இழைகள் எங்கள் வாசலருகே சாம்பலாகத் தொடங்கி, வெளுத்து, தெருக்கோடியில் ரோஜா நிறமாக முடிந்தன.

“பக்கத்துல வராத தனகோடி. மொதலாளியே யோசிச்ச புதுக் கலராம்” என்றாள் கன்னியம்மா.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். மாமாவின் தறியில் இன்னும் கமலக்கண்ணன் பாவுதான் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் அது நின்றுவிடும்.

அன்று சாயங்காலம் ஒயர் கூடையோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது வேலூரில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

“அந்தப் புடவை முடிஞ்சதும் வேலூர் கடைக்குத்தான் போவுதாம். நான் போய் விரிக்கச் சொன்னா திருட வந்தேன்னுவாங்க. நீ போனா கல்யாணத்துக்கு எடுக்க வந்த பொண்ணுன்னு நெனைப்பாங்க.” கூடையின் மேலிருந்த துண்டை விலக்கிக் கேமராவை என் பக்கம் நகர்த்தினாள். “முந்தியில கறுப்பா பனைமரக் கோடு கீதான்னு பாரு. கலரு யாருக்கு வேணா தோணும், அந்தக் கோடு என் படத்துல மட்டும்தான் கீது. இருந்தா வெளிச்சத்துல வெச்சு படம் எடுத்துகினு வா. ஒரே படம் போதும், சுபா. அது மேல வேற எதையும் எடுத்துடாத.”