பங்களாக் குசினி

எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு மாமா யாழ்ப்பாணத்திலிருந்து ரொறொன்ரோ வந்தார். வந்த நாள் முதல் அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. குடும்பத்தைப் பகைத்து அம்மா கட்டிய மாப்பிள்ளையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அப்பா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வளர்ந்தவர் என்று அம்மா ஊரில் சொல்லி வைத்திருந்தார். அது போதும். குதிரை, வேலையாட்கள், தூண் வைத்த விறாந்தை எல்லாவற்றையும் கேட்டவர்களே சேர்த்துக்கொண்டார்கள். நானும் சேர்த்துக்கொண்டேன். ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் எங்கள் அப்பார்ட்மெண்டின் குழாய் சொட்டும்போதெல்லாம் அந்தப் பங்களாவை நினைத்து ஆறுதல் அடைவேன்.

மாமாவுக்குக் கடல் காட்டுவதென்று காரில் ஃபுளோரிடாவுக்குப் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்தாருக்குக் கடல் காட்ட அவ்வளவு தூரம் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். வழியில், அமெரிக்காவின் தெற்கே ஒரு நாட்டுப்புறத்தில், பழைய பருத்தித் தோட்டத்துப் பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று பலகை நின்றது.

"அக்கா, அத்தானுக்கு உது பழைய ஞாபகமாய் இருக்கும். இறங்கிப் பாப்பம்."

"வெயிலடா, பேசாமல் போவம்" என்றார் அம்மா. அதற்குள் அப்பா வண்டியைத் திருப்பிவிட்டார்.

வெள்ளைத் தூண்கள், அகன்ற படிகள். பழக்க தோஷத்தில் நாங்கள் படியடியில் செருப்பைக் கழற்ற, அதுதான் விதியாக்கும் என்று ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் கழற்றியது. திரும்பி வரும்போது செருப்பு இருக்குமோ என்ற கவலையில் நான் முதல் அறைகள் எதையும் பார்க்கவில்லை. அப்பா உள்ளே வரவேயில்லை. "நீங்க பாருங்க" என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் பின்னால் குசினி தனிக் கட்டடமாக இருந்தது. அதன் வாசற்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். வழிகாட்டிப் பெண் அடுப்பையும் இரும்புச் சட்டிகளையும் காட்டினாள். இங்கே சமைத்தது யார் என்று அப்பா ஆங்கிலத்தில் கேட்டார். வேலைக்காரர்கள் என்றாள். அடிமைகள்தானே என்றார் அப்பா. நாங்கள் வேலைக்காரர்கள் என்றுதான் சொல்வோம் என்று சிரித்துவிட்டு, மற்றவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

நாங்கள் மட்டும் நின்றோம். மாமா கேட்டார்: "அத்தான், உங்கட பங்களாவிலயும் குசினி உப்பிடித் தள்ளித்தானோ?"

"இஞ்சேருங்கோ, வெளிக்கிடுவம்" என்று அம்மா அப்பாவை அவசரப்படுத்தினார்.

அப்பா எழும்பவில்லை. "ஆமா தம்பி. அந்தக் குசினியிலதான் நான் வளர்ந்தேன். எங்கம்மா தொரைக்குச் சமைச்சாங்க. நாங்க இருந்தது கூலிக்காரங்க லயத்துல, எல்லாருக்கும் ஒரே காம்பரா. முன்வாசப் படியில கால் வச்சதே இல்ல. ஒங்க அக்காவுக்கு எல்லாம் தெரியும்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னார். பிறகு பையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து, மூடியில் தேநீர் ஊற்றி மாமாவிடம் நீட்டினார்.

யார் கையால் யார் வாங்கிக் குடிக்கலாம் என்று அம்மாவின் வீட்டில் ஒரு சட்டம் இருந்ததாம். அது எனக்கு அன்று தெரியாது. அம்மா ஏன் அந்த மூடியையே மூச்சு விடாமல் பார்க்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வாங்கினார். ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"குசினியில வளந்த மனிசன்ரை தேத்தண்ணியே உது? சீனி காணாது, அத்தான்." படியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தையும் குடித்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அன்று காலை மோட்டலில் தேநீருக்குச் சீனி போட்டது நான். இன்னும் இரண்டு கரண்டி போட்டிருந்தால் அம்மா அழுதிருக்கமாட்டார் என்ற பயத்தில், கடல் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை.