சுவரிலிருந்து பேசிய அண்ணன்

என் வீட்டில் களவு போனது ஒரேயொரு பொருள்தான். வாசலில் இருந்த தண்ணீர் மீட்டர். அதிலுள்ள பித்தளைக்காக யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் குழாயைத் திறந்தால் வெறும் காற்று. வெளியே போய்ப் பார்த்தேன், தண்ணீர் பீறியடித்து வீதியோரக் கானில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் கண்டியில் எங்கள் மஹய்யாவப் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். முறைப்பாடு கொடுத்தேன், புது மீட்டர் வந்தது, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கும் என் அண்ணனுக்கு மட்டும் அது முடியவில்லை.

நான் தனியாக இருக்கிறவள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். இந்த வீட்டை என் சம்பளத்தில் வாங்கினேன். மேட்டில், படியேறிப் போகவேண்டிய பழைய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எந்தக் காலத்திலோ கட்டியது. சுவரைத் தட்டினால் உள்ளே மண் உதிரும் சத்தம் கேட்கும். அதனால் என்ன, உதிர்வது என் மண்தானே.

மீட்டர் போன செய்தி கேட்டு அண்ணன் போன் எடுத்தார்.

"போதும் தங்கச்சி. வீட்ட யாருக்காவது குடுத்துட்டு இங்க வந்திரு. ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு."

பின்னாலிருந்து அண்ணியும் சொன்னார். "புள்ளைங்களும் வெளிநாட்டுக்குப் போய்ட்டாங்க. எங்களுக்கும் ஒரு தொணையா இருக்கும்."

அந்த அறையை எனக்குத் தெரியும். துணி காயப்போடும் கம்பியும், ஓடாத சைக்கிளும், அண்ணி கழித்துப்போட்ட அலுமாரியும் இருக்கும் அறை. அவற்றோடு நானும் நிற்க வேண்டும். வரமாட்டேன் என்றேன். ஒரு கிழமை இழுபறிக்குப் பிறகு அண்ணன் ஒரு வழி சொன்னார். "சரி, ஒரு கெமரா அனுப்புறேன், வாசல்ல பூட்டு. நான் இங்கருந்தே பாத்துக்குவேன். அது ஒழுங்கா வேல செஞ்சா நீ அங்கயே இரு. செய்யாட்டி மறுபேச்சு இல்லாம வந்திரணும்." நான் யோசிக்காமல் சரி என்றேன். என் வீட்டில் நான் இருப்பதா இல்லையா என்பதை ஒரு பிளாஸ்டிக் சாமானிடம் ஒப்படைத்துவிட்டேன் என்பது அது வந்து சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய கெமரா, கண்டி பஸ் கொண்டக்டர் கையில் வந்தது. பெட்டிப் படத்தில் அதன் தலைமேல் அழகான நீர்த்துளிகள் நின்றன. மழைக்கு அசையாதாம். பிரித்துப் பார்த்தேன். மழைத்தண்ணீரைத் தடுக்க உள்ளே வைத்திருந்த றப்பர் வளையம் கீரைக்கட்டில் போடும் றப்பர் அளவுக்கு இருந்தது. சுவரில் பிடிக்கும் கை முழுக்கப் பிளாஸ்டிக். கூட வந்த ஸ்குரூ ஆணிகளில் ஒன்றை மேசைப் பலகையில் முறுக்கிப் பார்த்தேன், அரைச் சுற்றுக்கு முன்பே அதன் தலையில் இருந்த வெட்டு மழுங்கிப்போனது. கெமரா மட்டும் நல்ல வெள்ளை, இடமும் வலமும் திரும்பும், மேலும் கீழும் பார்க்கும், பேசவும் செய்யும். கழுத்துக்கு மேலே எல்லாம் இருக்கிறது, கழுத்துத்தான் இல்லை.

பூட்டுவதற்குக் கீழ் ஒழுங்கையிலிருந்து வயரிங் பாஸ் வந்தார், கைவேலைக்காரர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சுவரைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்தச் செவுத்துல நிக்காதுங்க. மரம்னா புடிக்கும்."

வாசல் நிலை நல்ல பலா மரம். அதைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற நிலை.

"நெலையில ஆணி அடிக்கிறது நல்லதில்லீங்க," என்றார் அவரே. நான் ஆமாம் என்றேன். ஊரெல்லாம் எதற்கும் துணிந்தவள் என்று எனக்குப் பேர், ஆனால் நிலையில் ஆணி அடிக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே உதிரும் சுவருக்கே திரும்பினோம். துளை போட்டபோது சிவப்புத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆணியைப் பிடிக்கப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பிளக் துளைக்குள் போய்த் தொலைந்தது. பாஸ் சட்டைப்பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து, தீக்குச்சிகளை முறித்துத் துளைக்குள் திணித்து, அதன்மேல் ஆணியை முறுக்கினார். நம்மவர்கள் கதிரைக்கால் முதல் கதவுக் கொண்டி வரை எல்லாவற்றையும் இப்படித்தான் நிறுத்துகிறோம். நின்றது. நின்றதுபோல இருந்தது.

முதல் நாளே சுவர் பேசியது. நான் தலை குளித்துவிட்டுத் துணி காயப்போட வெளியே வந்தேன்.

"தங்கச்சி, தலைய நல்லாத் தொவட்டு. சளி புடிக்கும்."

கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. அண்ணன் கொழும்பிலிருந்து பேசுகிறார். நான் பூச்செடிப் பக்கம் நகர்ந்தால் கெமரா கிர்ரென்று திரும்பி என்னைத் தேடியது. மீன்காரர் வந்தால், "அது யாரு?" என்றது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா வேலியோரம் பேச வந்தால், "என்ன சொல்றாங்க?" என்றது. கள்ளன் வருகிறானா என்று பார்க்கப் பூட்டிய கெமரா கேட்டைப் பார்த்து நான் அறியேன். அது முழுநேரமும் என்னைத்தான் பார்த்தது. ஐம்பத்தெட்டு வயதில், என் சொந்த முற்றத்தில், துணியை உதறுவதற்கும் நான் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணன் திருப்பத் திருப்ப, அந்தச் சின்ன மோட்டாரின் உதறலுக்குத் தீக்குச்சிகள் தளர்ந்தன. கெமரா மெல்ல மெல்லத் தலை குனிந்தது. முதலில் கேட் மறைந்தது, பிறகு படி, கடைசியில் அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் என் செருப்புகள்தான்.

"கெமரா சரியில்ல போலயே," என்றார் போனில். குரலில் கவலையைவிட வேறொன்று இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பாஸ் திரும்ப வந்து இன்னும் நாலு குச்சி திணித்தார். பிறகு மழை பிடித்தது. றப்பர் வளையம் என்ன செய்யும் பாவம், கண்ணாடிக்குள் வியர்த்து, முற்றமே கஞ்சி நிறமாகத் தெரிந்ததாம். அரிசிப் பானைக்குள் ஒரு நாள் வைத்து அதைக் காயவைத்தேன். அடுத்து ஒரு குரங்கு கூரையிலிருந்து இறங்கி அதன் தலையைப் பிடித்து ஊஞ்சலாடியது. பிளாஸ்டிக் கை கீறல் விட்டது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரே வார்த்தையைச் சொன்னார். "நான் சொன்னேன்ல."

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. கெமரா விழுந்தால் வீடு போகும் என்றால், இது விழக்கூடாது. என்னை அளக்க அனுப்பிய கோலை நானே நிமிர்த்தி நாட்டுவேன். இனி தீக்குச்சி வேண்டாம், பாஸும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்ற கிளார்க் அம்மா ட்ரில் பிடிப்பாளா என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

சுவருக்குள் ஒன்றும் பிடிக்காது என்றால் சுவரையே நடுவில் வைத்து இறுக்க வேண்டியதுதான். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை, பலகாரத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டத் தெரிந்தால் போதும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இரண்டு இரும்புத் தகடும் நீண்ட போல்ட்டுகளும் வாங்கினேன். "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா மிஸ்?" என்றார் கடைக்காரர். "இல்ல, அதனாலதான் வேல நடக்குது," என்றேன். பக்கத்து வீட்டு அக்காவின் ட்ரில்லைக் கேட்டு வாங்கி, சுவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் துளைத்தேன். வெளியே ஒரு தகடு, உள்ளே வரவேற்பறையில் ஒரு தகடு, நடுவில் சுவர். முடிந்த மட்டும் முறுக்கினேன். வெளித்தகட்டில் இரும்புக் கை, அதில் கெமரா, அதன்மேல் மழைக்குப் பழைய தகரத்தில் வளைத்த ஒரு கூரை. என் தலைமயிர் முழுக்கச் செங்கல் தூள். இரும்புக் கையைப் பிடித்து என் முழு எடையோடும் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. அத்தனை சந்தோஷம் எனக்கு வேலை நிரந்தரமான அன்றும் வரவில்லை.

அண்ணனுக்கும் படம் தெளிவாகத் தெரிந்தது. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "ம்," என்றார்.

பிறகு ஆயுத பூசை வந்தது. வீட்டில் நமக்காக உழைக்கிற எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கிற நாள். தையல் மெஷினுக்குச் சக்கரத்தில், மிக்சிக்கு வயிற்றில், குளிர்சாதனப் பெட்டிக்குக் கதவில், கத்திக்குப் பிடியில். சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தேன். இந்த வருடம் இதைவிட என்னை வேலை வாங்கிய சாமான் வேறில்லை. ஸ்டூலில் ஏறினேன். கெமராவுக்கு நெற்றி என்று தனியாக ஒன்று கிடையாது, முகம் முழுக்க ஒரு கண்தான். என் கட்டைவிரல் வழக்கப்படி நடுவில் போய் நின்றது. குளிரக் குளிர ஒரு சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம். கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். போனைச் சத்தம் போடாமல் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

கொழும்பில் அண்ணன் போனைத் திறந்திருக்கிறார். திரை முழுக்கச் சிவப்பு.

பூசை முடிந்து மத்தியானம் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டடியில் நின்றுகொண்டிருந்தார். சிங்களத்தில் சொன்னார். உன் அண்ணன் சுவருக்குள்ளிருந்து தங்கச்சி, தங்கச்சி என்று கத்தினார், கடைசியில் அழுதார், நீ நல்லாத்தான் இருக்கிறாய் என்று நான் எத்தனை தடவை கையைக் காட்டிச் சொன்னாலும் அவருக்குத் தெரியவும் இல்லை, அந்தக் கத்தலில் கேட்கவும் இல்லை. போனை எடுத்தேன். அழைப்புகள் குவிந்து கிடந்தன. நான் எடுத்துப் பேசினேன், சுகமாக இருக்கிறேன் என்றேன், பொட்டின் கதையையும் சொன்னேன். அண்ணன் அப்போது கண்டிக்குக் கிட்ட, கடுகண்ணாவை ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தார்.

"வந்துட்டேன். வந்துதான் பேசணும்," என்று வைத்துவிட்டார்.

காரிலிருந்து இறங்கியவரின் முகம் வெளுத்திருந்தது. என் தோளைப் பிடித்துப் பார்த்தார், படியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு நெஞ்சு கரைந்தது. என் கூடப் பிறந்தவர், எனக்காக அழுதிருக்கிறார். அந்த நிமிடத்தில் அவர் வா என்று மெல்லக் கேட்டிருந்தால், ஒருவேளை நான் போயிருப்பேன்.

அண்ணிதான் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே காலிப் பயணப் பைகள், மடித்த காட்போட் பெட்டிகள், அவற்றை ஒட்டுகிற டேப்பும் கத்தரிக்கோலும். தங்கைக்கு என்ன ஆனதோ என்று பதறி ஓடிவருகிறவர்கள் பெட்டி ஒட்டும் டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டா வருவார்கள்? கரைந்த நெஞ்சு அப்படியே இறுகிவிட்டது.

"சாமானக் கட்டு தங்கச்சி," என்றார் அண்ணன். "பேச்சுப்படி நடக்கணும். கெமரா வேல செய்யல."

"கெமரா வேல செய்யுதுண்ணே. அதுக்குப் பொட்டு வச்சேன், அவ்வளவுதான்."

"இத நம்பி இனி ஒரு நாளும் உன்ன விடமாட்டேன். கழட்டு."

நான் அசையவில்லை. அவரே ஸ்டூலில் ஏறினார். திருகினார், இழுத்தார், இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். இரும்புக் கையோடு சேர்த்திருந்த கெமராவின் பிளாஸ்டிக் காது மளுக்கென்று முறிந்து, அது வயரில் தொங்கியது. இரும்புக் கை அப்படியே நின்றது.

"பாத்தியா, என்ன சாமான் இது," என்றார் மூச்சு வாங்க.

"ஒடஞ்சது நீங்க வாங்கின கெமரா. நான் பூட்டினது ஒடையல," என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் இன்றுவரை வருந்தியிருப்பேன். "ஒரு மாசம் நாள் முழுக்க என்னப் பாத்தீங்கண்ணே. பக்கத்து வீட்டு அக்கா நம்பர் ஒங்ககிட்ட இருக்கா? இருந்திருந்தா ஒரு கோல்ல முடிஞ்சிருக்கும். இந்த ஊர்ல என்னயத் தெரிஞ்சவங்க ஒருத்தரையாவது ஒங்களுக்குத் தெரியுமா? நான் தனியா இல்ல. நீங்கதான் நான் தனியா இருக்கேன்னு பாத்துக்கிட்டே இருக்கீங்க."

அண்ணி வாயைத் திறந்தார். "அண்ணி, இது பூசை நாள், சாப்பிட்டுட்டுப் பேசுவோம்," என்றேன். சுண்டலும் வடையும் வைத்தேன். சாப்பிட்டார்கள். அண்ணன் இரண்டாம் தடவை வடை கேட்டு வாங்கினார். பைகள் காரை விட்டு இறங்கவேயில்லை.

அடுத்த மாதம் நகரத்துக் கடையொன்றில் நானே ஒரு கெமரா வாங்கினேன். கையில் தூக்கிப் பார்த்து, கழுத்தை ஆட்டிப் பார்த்து, இரும்பு உடம்பாகத் தேடியெடுத்தேன். திரும்பாத சாதி, பேசாத சாதி. அதே இரும்புக் கையில் கேட்டைப் பார்த்தபடி பூட்டினேன். முற்றமும் கொடியும் நானும் அதில் தெரியமாட்டோம். படம் என் போனுக்கு மட்டும்தான் வருகிறது.

அண்ணன் பாஸ்வேர்டைக் கேட்டார். தரமாட்டேன் என்றேன். பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

"அப்ப நான் உன்ன எப்படித்தான் பாக்குறது?"

"வந்து கேட்டத் தட்டுங்கண்ணே," என்றேன். "நான் தொறப்பேன்."